எர்ணாவூர் கேட்டை மூடிய மகனுக்கு

மகனே,

நலமா என்று கேட்டிருந்தாய். நலம்தான், என் கோபமும் நலமாகவே இருக்கிறது. "அம்மா மட்டும் பிரிக்கவும்" என்று மேலே எழுதி, உறையைப் பசை போட்டு ஒட்டி நீ அனுப்பிய கடிதத்துக்கு, ஒட்டாத கடிதத்தில் பதில் எழுதுகிறேன். இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று உனக்கு, இன்னொன்று ஒரு பத்திரிகைக்கு. அது அச்சாகி வரும்போது நம் சனிக்கிழமை முடிந்து போயிருக்கும். ஆகவே மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. உன் பெயரையோ கம்பெனியின் பெயரையோ நான் எழுதவில்லை. ஆனால் ஒரு தாய்க்கும் மகனுக்கும் நடுவே இப்படி ஒரு பேச்சு நடந்தது என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும். நீ கேட்டதை இன்று எத்தனையோ படித்த பிள்ளைகள் தங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களும் பிள்ளை நன்றாக இருந்தால் சரி என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நீ கேட்டது இதுதான். எர்ணாவூரில் நீ கேட் பொறுப்பில் வேலை பார்க்கும் தகர டப்பா கம்பெனியைப் பற்றி நான் எழுதி முடித்திருக்கும் அறிக்கையை, சனிக்கிழமை காலை முற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் வாசிக்கக் கூடாது. மூடிய உறையில் மேனேஜரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த மேனேஜர் உனக்கு மாமனார் ஆகப் போகிறவர். தை மாதம் கல்யாணம். "இந்த ஒரு தடவை மட்டும் அம்மா" என்று எழுதியிருக்கிறாய். கூடவே, கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் 'ஓய்வுபெற்ற ஆசிரியை' என்று போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு கேள்வி. பெண் வீட்டார் முன்னால் நைனாவைக் கொஞ்சம் பார்த்துப் பேசச் சொல்ல முடியுமா என்று கடைசியில் சின்ன எழுத்தில் இன்னொரு கேள்வி.

உன் கடிதத்தை நைனாவுக்கு வாசித்துக் காட்டினேன். உறைமேல் நீ என்ன எழுதினாலும் இந்த வீட்டில் எனக்கு மட்டும் என்று எதுவும் வருவதில்லை. துறைமுகத்தில் நாள் முழுக்க மூட்டைக் கணக்கு எழுதிவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர், கடைசி வரை கேட்டார். "பாத்துப் பேசறதுன்னா இன்னாமே? கண்ணத் தொறந்துகினு பேசணுமா?" என்றார். பிறகு, "சரி வுடு. நான் பேசவே இல்ல. வெத்தலைய வாயில போட்டுகினு ஒரு மூலைல சொம்மா குந்திகினு கீறேன். பையன் சந்தோசமா கீறானா, அது போதும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சாப்பிடும்போது அவர் பேசவில்லை. சோற்றுத் தட்டின் முன்னால் அந்த மனிதர் பேசாமல் இருந்து நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. கப்பல் கேப்டனோ கஸ்டம்ஸ் அதிகாரியோ, யாராக இருந்தாலும் இதே தமிழில் பேசி, இதே தமிழில் சண்டை போட்டு, உனக்குக் காலேஜ் சம்பளம் கட்டியவர் அவர். உன் கல்யாணத்தில் அவர் பேசுவார். சத்தமாகவே பேசுவார். அந்த விஷயம் முடிந்தது.

இனி 'ஓய்வுபெற்ற ஆசிரியை'. நான் ஓய்வு பெறவில்லை, மகனே. விரட்டப்பட்டேன். உனக்கு அப்போது ஏழெட்டு வயது. அம்மா இனிமேல் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று மட்டும் சொன்னேன், நீ சந்தோஷப்பட்டாய். இப்போது முழுதாகக் கேள். ராயபுரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்தப் பெண்கள் பள்ளியில் நான் சயின்ஸ் நடத்தினேன். காசிமேட்டில் கூடை சுமந்து மீன் விற்றவளின் மகள் சயின்ஸ் நடத்துகிறாளா என்று, நான் உள்ளே வந்தால் மூக்கைத் தொட்டுக்கொள்கிற ஆசிரியைகள் அங்கே இருந்தார்கள். வராந்தாவில் குடிதண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கும். ஒரு பக்கம் பித்தளை அண்டா, அதில் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர். மறுபக்கம் மண்பானை, அதில் சாக்கடை ஓரத்துக் கிணற்றுத் தண்ணீர். குப்பத்துப் பிள்ளைகளும் சேரிப் பிள்ளைகளும் பானையில்தான் குடிக்க வேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

தண்ணீரைப் பற்றிய பாடம் வந்தபோது இரண்டிலிருந்தும் ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்து மேஜையில் வைத்தேன். கிணற்றில் கொட்டுவார்களே, அந்த ஊதா நிறப் பெர்மாங்கனேட், அதில் ஒரு துளி கரைசலை இரண்டிலும் விட்டேன். என் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. ஏன் என்று முதலில் சொல்லக் கூடாது. கண்ணால் பார்த்ததை எழுந்து நின்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும், ஏன் என்பது அதற்கப்புறம்தான். அண்டாத் தண்ணீரில் ரோஜா நிறம் அப்படியே நின்றது. பானைத் தண்ணீரில் மணி அடிப்பதற்குள் நிறம் செத்து, பழுப்பாகிவிட்டது. நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தார். என்ன படித்தீர்கள் என்று வகுப்பைக் கேட்டார். முதல் பெஞ்சில் அஞ்சலை என்று ஒரு பெண், குப்பத்துப் பிள்ளை, எழுந்து நின்றாள். "அண்டாத் தண்ணில கலரு நிக்குது சார். பானைத் தண்ணில நிக்கல" என்றாள். "ஏம்மா அப்படி?" என்று அவர் கேட்டார். "பானை எங்களுக்கு சார்" என்றாள்.

மறுநாள் கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டார். பள்ளியின் நிர்வாகம் முழுக்க அவர் கையில்தான் இருந்தது. டம்ளரைச் சரியாகக் கழுவாததால் வந்த பிழை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். "ரெண்டு டம்ளரையும் நான்தான் கழுவினேன் சார். ஒரே கையால், ஒரே சாம்பலால்" என்றேன். அதோடு முடிந்தது என் ஆசிரியை உத்தியோகம். பானையை உடைத்துப் போட்டு, புதுப் பானை வாங்கி வைத்தார்கள். கிணறு மாறவில்லை. அஞ்சலையின் அப்பன், "இஸ்கூலு போதும், வம்பு வோணாம்" என்று அவளை நிறுத்திவிட்டான். டீச்சரால் ஒரு பெண்ணின் படிப்பு போயிற்று என்று தெருவில் பேசினார்கள். என்னால் இல்லை. அந்தக் கிணற்றால், அதை மாற்றாதவர்களால் போயிற்று. இதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அதற்கப்புறம் நான் போன வழியை நீ யாரிடமும் நேராகச் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். நிலையாக ஓர் இடத்தில் இருக்கத் தெரியாதவள் என்று உன் வருங்கால மாமனார் நினைக்கிறார், நீயும் மறுத்துச் சொல்லவில்லை. இருக்கட்டும். முதலில் துறைமுகத்துக்கு எதிரே சாக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை, உன் நைனா சொல்லி வாங்கிக் கொடுத்தது. கிழிந்த கோணிகளைப் பெண்கள் உட்கார்ந்து தைப்பார்கள். தூசியில் ஆள் முகம் தெரியாது. வேலை ஓடவில்லை, சோம்பேறிகள் என்று கிடங்குக்காரர் கத்துவார். நான் கத்தவில்லை, பார்த்தேன். கிழிந்த சாக்கு ஒரு கோடியில் வந்து விழுகிறது, வெளிச்சம் மறு கோடியில் இருக்கிறது, நடுவில் பெண்கள் தலைச்சுமையாக நடந்தே பாதி நாளைத் தொலைக்கிறார்கள். சாக்கு விழும் இடத்தை மாற்றினேன். வேறு எதையும் மாற்றவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எதனால் எது நடந்தது என்று தெரியாது. இது வகுப்பறைப் பாடம். வேலை ஓடியது. பள்ளிக்கூடத்தை என்னிடமிருந்து பிடுங்கலாம், சயின்ஸைப் பிடுங்க முடியாது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

சுதந்திரம் வந்த பிறகு, பெரிய ஆலைகள் தொழிலாளர் நலத்துக்கென்று ஓர் அதிகாரி வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தண்டையார்பேட்டைப் பக்கம் ஓர் ஆலையில் அந்த அதிகாரிக்கு உதவியாளராக என்னை எடுத்தார்கள். தலைக்கு மேலே மின்விசிறி, மேஜைமேல் பச்சைத் துணி. நீ தோழர்களிடம் பெருமையாகச் சொன்ன ஒரே வேலை அதுதான். அங்கே பெண்கள் வந்து அழுவார்கள், நான் எழுதிக்கொள்வேன், எழுதியது மேலே போகும், அங்கேயே தங்கிவிடும். ஒருநாள் மேலதிகாரியிடம் இதற்கெல்லாம் பதில் எங்கே என்று கேட்டேன். அவர் ரொம்ப அன்பாக, "நீங்க காது கொடுத்துக் கேளுங்கம்மா, அது போதும்" என்றார். அப்போதுதான் புரிந்தது. வேறு யாரும் கேட்க வேண்டாம் என்பதற்காக என்னைக் கேட்க வைத்திருக்கிறார்கள். அந்த மாதமே விட்டுவிட்டேன். நீ என்னோடு பல நாள் பேசவில்லை. உனக்கு அந்த மின்விசிறி பிடித்திருந்தது.

தனியாக இந்தத் தொழிலில் என்னை இறக்கிவிட்டவர் கயிறு ஆலை வைத்திருந்த ஒரு பாய். "டீச்சரம்மா, எங்கிட்ட சம்பளத்துக்கு இருக்க வேணாம். வந்து பாருங்க, எங்க கோளாறுன்னு சொல்லுங்க, சொல்லிட்டுப் போயிடுங்க" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். கண்டதை முதலாளிக்கும் ஆட்களுக்கும் ஒரே நாளில், ஒரே முற்றத்தில், ஒரே குரலில் வாசிப்பேன். யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன், யாருக்கும் தனியாகச் சொல்ல மாட்டேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "பேஜாரு புடிச்ச நிபந்தனையா இருக்கே" என்றார். ஆனால் ஒத்துக்கொண்டார். நான் ஏதோ எப்போதும் முதலாளிக்கு எதிராக வாசிக்கிறவள் என்று நினைக்காதே. அன்று முற்றத்தில் நான் வாசித்தது, ஆட்களுக்குத் தலைவனாக நின்ற மேஸ்திரி பெண்களிடம் வேலைக்கு வாங்கிய கமிஷனைப் பற்றி. அவன் ஆட்கள் ஈர நாரை அள்ளி என்மேல் வீசினார்கள். புடவையெல்லாம் சேறு. வீட்டுக்கு வந்தேன். உன் நைனா வாசலிலேயே நிறுத்தி மேலும் கீழும் பார்த்தார். "இன்னிக்கி மாலை மரியாத ஜாஸ்தி போல கீதே!" என்று தண்ணீர் எடுத்து வந்து ஊற்றினார். அந்தக் கயிறு ஆலை இன்றும் ஓடுகிறது. அதற்கப்புறம் என்னைக் கூப்பிட்ட எல்லாரும் அந்த நிபந்தனை தெரிந்துதான் கூப்பிட்டார்கள். கம்பெனி டீச்சர் என்று எனக்குப் பெயர். கல்யாணப் பத்திரிகையில் போட வேண்டுமென்றால் அதைப் போடு.

உன் கம்பெனி முதலாளி ஆள் அனுப்பியபோது, என் மகன் உங்களிடம் வேலை பார்க்கிறான், உங்கள் மேனேஜர் எனக்குச் சம்பந்தி ஆகப் போகிறவர், யோசித்துக் கூப்பிடுங்கள் என்று சொல்லித்தான் வந்தேன். அவர் யோசித்துவிட்டு வரச் சொன்னார். மேனேஜருக்கு முதலில் சந்தோஷம். 'சம்பந்தியம்மா நம்ம பக்கம்தானே' என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். கோளாறு என்று எனக்குச் சொல்லப்பட்டது இது: ராயபுரம், காசிமேடு பக்கமிருந்து வரும் பெண்கள் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை. பொய் சொல்கிறார்கள். அவர்களை மொத்தமாக நீக்கிவிட்டுப் புது ஆள் எடுக்கலாமா? நீக்கலாம் என்று நான் எழுதிவிட்டால், பழி என்மேல், வேலை சுத்தம்.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. கம்பெனியில் உட்காரவில்லை. காலையில் ராயபுரத்தில் அந்தப் பெண்கள் ஏறும் பாசஞ்சர் வண்டியில் தினமும் ஏறினேன். தண்டையார்பேட்டை தாண்டியதும் வண்டி நிற்கும். துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டி வழி கேட்கும். டப்பா செய்யப் போகிறவர்களுக்காக அது காத்திருக்காது. அது போகும் வரை பெண்கள் ஜன்னலில் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். பிறகு திருவொற்றியூரில் இறங்கி எர்ணாவூர் வரை ஓட்டம். ஓடிப் போய்ச் சேரும்போது கம்பெனிச் சங்கு ஊதி ஓய்ந்திருக்கும், கேட் மூடியிருக்கும். மத்தியானம் திறக்கும் வரை ரோட்டில் நிற்க வேண்டும். பாதி நாள் வேலை போய்விட்டது. சிலர் நிற்பார்கள். சிலர், நின்று என்ன பயன் என்று திரும்பிப் போய்விடுவார்கள். முந்தின வண்டியில் வரலாமே என்று உன் மேனேஜர் சொல்வார், எனக்குத் தெரியும். அந்த வண்டி கிளம்பும் நேரத்தில்தான் குப்பத்துக் குழாயில் தண்ணீர் வருகிறது. அதை விட்டால் அன்றைக்கு வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை.

முதல் நாள் வண்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா டீச்சர், என்ன தெரியல?" என்றாள். அஞ்சலை. பானையைப் பற்றிச் சொன்ன அதே அஞ்சலை, இரண்டு குழந்தைகளுக்குத் தாய், உங்கள் டப்பா கம்பெனியில் மூடி அழுத்தும் மிஷினில் வேலை. நீக்கப்பட வேண்டியவர்களில் அவளும் ஒருத்தி. உன் கேட்டில் அவள் சொன்ன காரணங்கள் என்று மேனேஜர் எனக்குக் காட்டியிருந்ததில், மாமியார் செத்துப் போனாள் என்பது திரும்பத் திரும்ப வந்தது. அதைக் கேட்டேன். வண்டியே சிரித்தது. "அவளா? வூட்ல குந்திகினு என்னையே திட்டிகினு கீறா டீச்சர்" என்றாள். "ரயிலு நின்னுப்போச்சுன்னு உண்மையைச் சொல்றதுக்கென்ன?" என்றேன். "ஒரு தபா சொன்னேனே. எதுத்துப் பேசறான்னு எழுதிகினாங்க. மாமியாரு செத்தான்னா ஒண்ணியும் சொல்ல மாட்டாங்க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, "உங்க பையன் நல்லவரு டீச்சர். 'அடப்பாவமே'ன்னு சொல்லிட்டுத்தான் கேட்ட மூடுவாரு" என்றாள்.

மகனே, உன்னைப் பற்றி யார் யாரோ குறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். எதுவும் அந்த ஒரு வார்த்தை போல் என்னைத் தைத்ததில்லை. அன்று கேட்டுக்கு வெளியே அவர்களோடு நின்றபோது பலகையில் ஒட்டியிருந்த உத்தரவைப் படித்தேன். சங்கு ஓய்ந்த பிறகு யாரையும் விடக் கூடாது. முன்பெல்லாம் வண்டி வந்து சேரும் வரை கேட் திறந்திருக்குமாம். போன ஆடியில்தான் இந்தப் புது உத்தரவு. அடியில் உன் கையெழுத்து. பெயரின் கடைசி எழுத்தை வளைத்து மேலே இழுத்துவிடுகிறாயே, அந்தச் சுழி நான் சிலேட்டில் உன் கையைப் பிடித்துப் போட்டுக் காட்டியது.

எதற்காக அப்படி ஓர் உத்தரவு போடச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. பழைய ஆட்களை விரட்டிவிட்டால் புது ஆட்களைக் குறைந்த கூலிக்கு வைக்கலாம் என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் அதைப் பார்க்கவில்லை, ஆகவே எழுதவில்லை. உத்தரவுக்கு முன்னால் அந்தப் பெண்கள் எப்படி வந்தார்கள், பின்னால் எப்படி வந்தார்கள், வண்டி எங்கே நிற்கிறது, கேட் எப்போது மூடுகிறது, இவ்வளவுதான் என் அறிக்கை. கேட்டைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் ஒருத்தியையும் நீக்க வேண்டியதில்லை என்பது முடிவு. யாருக்கும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால், இந்தக் கடிதம் சனிக்கிழமை காலையில்தான் உன் கைக்குக் கிடைக்கும்படி அனுப்புகிறேன். இதில் எந்த வரியை எடுக்கச் சொல்கிறாய்? கேட் உத்தரவை நான் கண்டிருப்பேன் என்று நீயே ஊகித்து, அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடு என்று எழுதியிருக்கிறாய். அதை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது, பெண்கள் ஒழுங்காக வருவதில்லை என்பது மட்டும்தான். டம்ளரைச் சரியாகக் கழுவவில்லை என்று எழுதச் சொன்ன மனிதருக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அவர் என் வயிற்றில் பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

மூடிய உறையில் கொடுத்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கிறாய். மூடிய உறையில் போகிற உண்மை, பெறுகிறவருக்குப் பிடிக்காவிட்டால் மேஜைக்குள் போகும். ஆலையில் நான் எழுதியதெல்லாம் அப்படித்தான் போயிற்று. முற்றத்தில் நூறு காதில் விழுந்ததை எந்த மேஜைக்குள்ளும் வைத்துப் பூட்ட முடியாது. என் தொழிலில் எனக்குப் பட்டம் இல்லை, ஆபீஸ் இல்லை, வாசலில் பலகை இல்லை. இருக்கிற முதல் அந்த முற்றம் ஒன்றுதான். அதை விற்று உனக்குக் கல்யாணப் பந்தல் போட மாட்டேன்.

கல்யாணம் நின்றுவிடும் என்று பயப்படுகிறாய். நிற்கலாம். நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று. நம் வீட்டுக்கு வந்த அன்று நெத்திலிக் குழம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டாம் முறை சோறு கேட்டாளே, அன்று சமையலறையில் என் பக்கத்தில் நின்று, "அத்தை, நீங்க என்னதான் வேலை பாக்கறீங்க? அப்பா ஒரு மாதிரி சொல்றார், இவர் ஒரு மாதிரி சொல்றார்" என்று கேட்டாள். சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "பயமா இருக்காதா?" என்றாள். இருக்கும் என்றேன். இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் அந்த இரண்டு கேள்வியையும் கேட்டதில்லை. உன்னைவிட எனக்கு அவள்மேல் நம்பிக்கை அதிகம். மாமனாருக்காக ஒரு பெண்ணைக் கட்டாதே. மாமனாருக்குப் பயந்து விட்டும் விடாதே. அவளிடமே இந்தக் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல். உனக்கு நான் சொல்லும் கல்யாணப் புத்திமதி இவ்வளவுதான்.

சனிக்கிழமை முதலாளி தன் மோட்டாரில் வருவார். மேனேஜரும் அதில் வருவார். எனக்கும் இடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். நான் பாசஞ்சர் வண்டியில் வருகிறேன். அஞ்சலையும் மற்றவர்களும் அதே வண்டியில் வருவார்கள். வண்டி தண்டையார்பேட்டை தாண்டி நிற்கும். கூட்ஸ் போகும். நாங்கள் திருவொற்றியூரில் இறங்கி ஓடி வருவோம். எனக்கும் வயதாகிவிட்டது, கொஞ்சம் பின்தங்கித்தான் வருவேன். வந்து சேரும்போது சங்கு ஓய்ந்திருக்கும். கேட்டுக்கு உள்ளே நீ நிற்பாய். சாவி உன்னிடம் இருக்கும்.

திறந்தால் உள்ளே வந்து முற்றத்தில் வாசிப்பேன். திறக்காவிட்டால் ரோட்டில் நின்று வாசிப்பேன். பின்வரிசைப் பெண்ணுக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை இது, கம்பிக் கதவைத் தாண்டி வந்துவிடும். எதைச் செய்தாலும் செய், 'அடப்பாவமே' என்று மட்டும் சொல்லாதே.

உன் அம்மா